பில் புக் வேலையும் பயிலரங்கும்: மதுரையில் ஒரு சிறு அச்சுக்கூடம் நிலைபெற்றது எப்படி?

மதுரையில் 2022 ஜூன் மாதம் இரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கிய ஓர் அச்சுக் கலைக்கூடத்தைப் பற்றிய பதிவு இது. அவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் 3 ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இருவரும் படித்துச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஓவியக்கூடம், மண்பாண்டப் பயிற்சியிடம், சிறு புத்தகக்கடை என்று சொந்தமாக இடம் எடுக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

பின்னணி

மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட சந்துகளில் ஒரு காலத்தில் ட்ரெடில் எனும் கால்மிதி அச்சு மிஷினின் சத்தம் கேட்காத தெரு குறைவு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் ரசீது, பில் புக் எல்லாம் கையால் அச்சுக்கோத்து அடித்தவைதான். 1990களில் கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபியும், தகட்டிலிருந்து அச்சிடும் மினி ஆஃப்செட் மிஷினும் வந்ததும் அந்த மிஷின்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின. ஈய எழுத்துகளுக்கு உலோக மதிப்பு உண்டு என்பதால் அவை இன்னும் சீக்கிரம் போயின.

நிறுவியவர்களில் ஒருவர் சென்னையில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருந்தவர். கொரோனா காலத்தில் ஊருக்குத் திரும்பியவர், இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தார். இன்னொருவர் பள்ளியில் ஓவிய ஆசிரியை, புத்தகக் கட்டு வேலை தெரிந்தவர். மூடப்பட்ட அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு ட்ரெடில் மிஷினையும், எட்டு கேஸ் (எழுத்துகளைப் பிரித்து வைக்கும் தட்டு) நிறையத் தமிழ் எழுத்துகளையும் காயலான் கடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினார்கள். முக்கால் டன் இரும்பு. செயின் பிளாக் கட்டித் தூக்கி, இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டித்தான் வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

மிஷினோடு ஒரு மனிதரும் வந்தார். அந்த அச்சகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த மிஷின்காரர். வயது 60ஐத் தாண்டிவிட்டது. இவர்கள் அவரை ஐயா என்பார்கள், அவர் இவர்களைத் தாயி என்பார். மிஷின் போகிற இடத்துக்குத் தானும் வருவதாக அவரே கேட்டுக்கொண்டார். பின்னால் நடந்த பல நல்ல காரியங்களுக்கு அவர்தான் காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடமும் தொடக்கச் செலவும்

திண்ணை வைத்த பழைய வீட்டின் கீழ்த்தளம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். வாடகை ரூ.14,000. அட்வான்ஸ் ரூ.1,40,000, அதாவது பத்து மாத வாடகை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஊர் வழக்கம் இன்னும் பத்து மாதத்தில்தான் நிற்கிறது. பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

மின் இணைப்பு வீட்டு விகிதத்தில் இருந்தது. அப்படியே ஓட்டிவிடலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி இரு மடங்கு விகிதத்தில் கணக்கிட்டு வசூலிப்பார்கள். கூடவே வீட்டுக்காரரோடும் மனக்கசப்பு வரும். முதல் மாதமே விகிதத்தை மாற்றிக்கொண்டார்கள். சிறு தொழில்களுக்கான உதயம் பதிவையும் அப்போதே செய்தார்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் அது இலவசம். அதையே செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, கவனம் தேவை.

எல்லாம் போக, கையில் ரூ.2 லட்சம் மிச்சம் இருந்தது.

முதல் ஆறு மாதம்: கண்டவை

அவர்கள் நினைத்த வருமானம் இரண்டு வகை. மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் பயிலரங்கு, ஆளுக்கு ரூ.900, ஒரு தடவைக்கு 12 பேர். அப்புறம் கையால் அச்சிட்டுக் கட்டிய நோட்டுகள், வாழ்த்து அட்டைகள்.

முதல் இரண்டு மாதம் பயிலரங்கில் இடம் கிடைக்கவில்லை. வந்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே அச்சுக்கோத்து, மையிட்டு, காகிதத்தில் எழும்புவதைப் பார்த்தபோது அந்தக் கூடத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் ஒரு முறை பெயரை அடித்துக்கொண்டு போனவர் மறுபடி வரக் காரணம் இல்லை. நாலாவது மாதம் 12 பேர் 7 பேர் ஆனார்கள். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள், பெட்டியில் காசு இறங்கிக்கொண்டே போனது.

டிசம்பர் கணக்கு இப்படி இருந்தது. செலவு: வாடகை 14,000, ஐயாவின் சம்பளம் 12,000, காகிதமும் மையும் 7,000, மின்சாரம் 2,000, சில்லறை 3,000. ஆக ரூ.38,000. வரவு ரூ.20,000. நிறுவியவர்கள் தங்களுக்கென்று ஒரு ரூபாய் எடுக்காமலே மாதம் ரூ.18,000 துண்டு விழுந்தது. இருப்பு கரைந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் பயிலரங்கைக் கூட்டுவார்கள், கட்டணத்தை ஏற்றுவார்கள், அல்லது காபிக் கடை ஒன்றை உள்ளே வைப்பார்கள். மூன்று யோசனைகளும் இவர்களுக்கும் வந்தன. நான் கேட்டது ஒன்றுதான்: மிஷின் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? யாருக்கும் தெரியவில்லை. மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஓட்டத் தொடங்கும் நேரமும் நிறுத்தும் நேரமும் எழுதச் சொன்னேன். ஒரு மாத முடிவில் தெரிந்தது: வாரத்துக்குச் சுமார் 9 மணி நேரம். கூடத்தின் முக்கியமான பொருளும், அதை ஓட்டத் தெரிந்த ஒரே மனிதரும் வாரத்தின் பெரும்பகுதி சும்மா இருந்தார்கள்.

முதல் முடிவு: தெருவின் வேலையை எடுப்பது

வழியைக் காட்டியவர் ஐயா. பக்கத்துத் தெருக்களில் ஆஃப்செட் அச்சகங்கள் பல இருக்கின்றன. ஆஃப்செட் மிஷின் படத்தையும் எழுத்தையும் அடிக்கும். ஆனால் பில் புக்கில் கிழிக்கிற இடத்தில் ஓட்டைவரிசை போட, ரசீதில் எண் அடிக்க, அட்டையில் மடிப்புக் கோடு போட, சிறு பெட்டிகளை வடிவமாக வெட்ட அழுத்தி அடிக்கும் மிஷின் வேண்டும். பெரிய அச்சகங்கள் இதற்குத் தானியங்கி ஹைடல்பர்க் வைத்திருக்கும். ஐந்நூறு, ஆயிரம் தாள் வேலையை அவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் நாலு நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அந்தச் சிறு வேலைகளுக்கு ஆளில்லாமல் அச்சகக்காரர்கள் டிவிஎஸ் எக்ஸெல்லில் தாள் கட்டுகளை வைத்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

வடிவமைப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. “இதுக்கா சென்னை வேலையை விட்டுட்டு வந்தேன்? ரசீது புக்குல ஓட்டை போடவா?” என்று என்னிடமே கேட்டார். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஒரு கலைக்கூடத்துக்குள் கூலி வேலை நுழைந்தால் அதுவே முழு நேரத்தையும் தின்றுவிடும் என்று அவர் பயந்தார். அப்படி ஆன இடங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஐயா சொன்ன பதில் சுருக்கமானது. “சும்மா நின்னா ரோலரு காஞ்சு போகும் தாயி. ஓடுனாத்தான் அது மிஷினு.”

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்ட காரணம் இன்னொன்று. மிஷின்காரருக்கு வயதாகிறது. அவருக்குப் பின் யார்? பயிலரங்கில் ஒரு நாள் வந்து பத்துத் தாள் அடிப்பவருக்குக் கை பழகாது. ஒரு கையால் அடித்த தாளை எடுத்து மறு கையால் புதுத் தாளை ஒரு மயிரிழை பிசகாமல் வைக்கப் பழக, ஆயிரக்கணக்கான தாள் ஓட வேண்டும். அத்தனை ஆயிரம் தாளை அலுக்காமல் தருவது பில் புக் வேலைதான்.

2023 ஜனவரியில் ஓர் எல்லை வைத்து ஒத்துக்கொண்டார்கள். காலை வேலை தெருவுக்கு, மதியத்துக்குப் பிறகு கூடத்துக்கு. அந்த நேரத்துக்கு மேல் எவ்வளவு அவசரமென்றாலும் கூலி வேலை இல்லை. கட்டணம் ஆயிரம் முறை அடிக்க ரூ.180. சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தின் சிசு வகையில் ரூ.50,000 கடன் வாங்கி நம்பரிங் பெட்டிகள், ஓட்டைவரிசைப் பட்டிகள், ஒரு சிறு கட்டிங் மிஷின் வாங்கினார்கள். ஐயாவின் சம்பளம் ரூ.15,000 ஆனது. அதே தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண்ணைப் பழகுநராகச் சேர்த்தார்கள்.

நம்பரிங் பெட்டியைப் பார்க்காதவர்களுக்கு: விரலளவு எஃகுப் பெட்டி, உள்ளே எண் சக்கரங்கள். முன்னால் நிற்கும் ‘நெ.’ குறி அழுத்தம் பட்டதும் உள்ளே போகும், சக்கரம் அடுத்த எண்ணுக்குத் திரும்பும். முன்னோக்கி எண்ணும் பெட்டியும் உண்டு, பின்னோக்கி எண்ணும் பெட்டியும் உண்டு. அடித்த தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுவதால், பின்னோக்கிப் பெட்டியில் 1000 தொடங்கி 1 வரை அடித்தால் கட்டின் மேலே 1 வந்து நிற்கும். மறுபடி தாளைப் புரட்டி அடுக்க வேண்டாம். பழகுநர் முதல் வாரத்தில் கற்றது இதைத்தான். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போய் ஓர் எண் விடுபட்டால் மொத்தப் புத்தகமும் வீண் என்பதையும் சேர்த்தே கற்றார்.

இரண்டாவது முடிவு: குழந்தைகளும் ஈயமும்

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான பயிலரங்கு கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். நல்ல வருமானம் வந்திருக்கும். அச்செழுத்து ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் சேர்ந்த கலவை. பழைய கேஸ்களின் அடியில் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூசியிலும் ஈயம் இருக்கும். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதை எடுத்துச் சொன்னவர் ஓவிய ஆசிரியை.

குழந்தைகள் ஈய எழுத்தைத் தொடக் கூடாது என்று முடிவானது. அவர்களுக்குத் திண்ணையில் தனி மேசை. லினோ எனும் மென்மையான தகட்டில் தயாராகச் செதுக்கி வைத்த உருவங்கள், மர எழுத்துகள், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்து அடிக்கும் அச்சு. பெரியவர்களுக்கும் விதி வந்தது: கூடத்துக்குள் சாப்பாடு, டீ கிடையாது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கேஸ்களை ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காபிக் கடை யோசனை இந்த விதியோடு செத்தது. அதற்கு எடுக்க இருந்த கடனும் மிச்சம்.

மோட்டார் ஓடும்போது பயிலரங்குக்கு வந்தவர்கள் மிஷினில் தாள் வைக்கக் கூடாது என்பதும் அப்போது வைத்த விதி. ட்ரெடில் விரல்களைக் காவு வாங்கிய மிஷின். ஐயாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி இல்லாததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பயிலரங்கில் காலால் மிதித்து மெதுவாகத்தான் ஓட்டுவார்கள்.

மூன்றாவது முடிவு: ‘துணை’

இது திட்டமிட்டு எடுத்த முடிவு இல்லை. வாங்கிய எழுத்துகளில் பாதி 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வார்ப்பு. தமிழக அரசின் ஆணையால் அப்போது மாறியவை 13 எழுத்துகள். ணா, றா, னா, அவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள், அப்புறம் ணை, லை, ளை, னை. பழைய வடிவங்கள் இந்த கேஸ்களில் அப்படியே இருந்தன, தும்பிக்கை வளைந்த ஐகாரத்தோடு.

2023 ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர் ஒருவர் அட்டையில் மடிப்புக் கோடு போட வந்தார். கேஸில் கிடந்த பழைய ‘ணை’யைப் பார்த்தவர், எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பத்திரிகை உச்சியில ‘முருகன் துணை’ மட்டும் இதுல அடிச்சுத் தர முடியுமா?” என்றார். மற்றதெல்லாம் ஆஃப்செட்டில், உச்சியில் அந்த ஒரு வரி மட்டும் பழைய எழுத்தில் அழுத்தமாக. தாத்தா கல்யாணப் பத்திரிகையில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் கொண்டாடினார்கள். அந்த மாதமே இன்னும் மூன்று குடும்பங்கள் கேட்டு வந்தன.

முழுப் பத்திரிகையையும் கையால் அச்சுக்கோத்து அடித்தால் விலை யாருக்கும் கட்டாது. ஒரு வரி என்றால் கட்டும். வடிவமைப்பாளர் இதைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் தடவும் நாலு முனைகளுக்கும் இடம் விட்டு, குலதெய்வத்தின் பெயரும் ‘துணை’யும் தனியாகத் தெரிகிற மாதிரி நாலைந்து மாதிரிகள் செய்து பத்திரிகைக் கடைகளில் வைத்தார். கூலி வேலை வேண்டாம் என்றவரின் மிக நல்ல வடிவமைப்பு, கூலி வேலைக்கு வந்த ஒருவரின் கேள்வியிலிருந்து பிறந்தது.

எதிர்ப்பட்ட தொல்லைகள்

மாடி வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன். காலை 7 மணிக்கே மிஷின் ஓடியதும் சண்டை வந்தது. மிஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டார்கள், தொடக்க நேரத்தை 8.30க்குத் தள்ளினார்கள், தேர்வு மாதத்தில் 10 மணி. சமாதானம் ஆன கையோடு, அதுவரை 11 மாத ஒப்பந்தமாக இருந்ததை 3 ஆண்டு ஒப்பந்தமாக மாற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார்கள். வாடகை ரூ.15,000 ஆனது. ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால்தான் எல்லோரும் 11 மாதத்தில் நிறுத்துகிறார்கள். முக்கால் டன் இரும்பை வைத்திருப்பவர்கள் 11 மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பதிவுச் செலவு வீண் செலவல்ல.

பணம் வருவதில் இழுபறி உண்டு. அச்சகக்காரர்கள் ‘சேர்த்துத் தர்றோம்’ என்பார்கள். ஒருவர் நாலு மாத பாக்கி வைத்தார். அதன் பிறகு, முந்தைய கட்டுக்குப் பணம் தந்தால்தான் அடுத்த கட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

விளைவு

கூலி வேலையை எடுத்த கொஞ்ச காலத்திலேயே காலை வேலை நாளுக்குச் சுமார் ரூ.700 தந்தது, மாதம் ரூ.17,500. வாடகைக் கவலை அன்றோடு நின்றது. 2023 ஆவணிக்குப் பிறகு துண்டு விழவில்லை.

பருவங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்தது யாரும் எதிர்பாராதது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை நின்றுபோகும். ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதற்கு நன்கொடை ரசீதுப் புத்தகம் வேண்டும், எண்ணும் ஓட்டைவரிசையும் இல்லாமல் அது ஆகாது. மார்ச், ஏப்ரலில் புது நிதியாண்டின் பில் புக்குகள்.

காகிதச் செலவும் குறைந்தது. ஆஃப்செட் அச்சகங்களில் தாளை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. இப்போது வேலை கொண்டுவருபவர்களே நல்ல துண்டுகளைப் பிரித்து எடுத்து வருகிறார்கள். நோட்டுகள் பெரும்பாலும் அதில்தான் தயாராகின்றன. எந்த அச்சகத்தின் எந்த வேலையில் மிஞ்சிய தாள் என்று பின்னட்டையில் சிறிதாக அடிப்பார்கள். அச்சகக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த நோட்டையே வாங்கிப் போகிறார்கள். பயிலரங்குக்கும் அந்தக் குடும்பங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

2024–25இல் மாதச் சராசரி: கூலி வேலை 26,000, கல்யாண வரிகள் 20,000, பயிலரங்கு 16,000, நோட்டு, அட்டை 12,000. மொத்தம் ரூ.74,000. பழகுநரின் சம்பளம் உள்பட எல்லாச் செலவும் ரூ.50,000. மிச்சத்தை இருவரும் ஆளுக்கு ரூ.12,000 எடுத்துக்கொள்கிறார்கள். சென்னையில் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, வடிவமைப்பாளர் இரவில் வெளிவேலையும் பார்க்கிறார். இடம் நிலைத்துவிட்டது, அவர்கள் வாழ்க்கை இன்னும் அதன் மேல் முழுக்க நிற்கவில்லை. ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜிஎஸ்டி பதிவுக்கு அவசியம் வரவில்லை.

பழகுநர் இப்போது தனியாக மிஷின் ஓட்டுகிறார். அவரது வேகம் ஐயாவுக்குச் சமம், ஐயாவே சொன்னது. பயிலரங்குக்கு வந்த இளைஞர் ஒருவர் தன் வீட்டு மாடியில் ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்கியிருக்கிறார். துணிப்பை வேலைகளை இவர்கள் அவருக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

மாற்ற வேண்டியவை

மிஷின் நேர நோட்டை முதல் நாளிலிருந்தே எழுத வேண்டும். ஆறு மாத இழப்பில் பாதியையாவது அது தடுத்திருக்கும். இடம் எடுப்பதற்கு முன்பே தெருவில் ஒரு வாரம் நடந்து, யாருக்கு எந்த வேலை தட்டுப்பாடாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். தறி, சூளை, தையல் மிஷின் என்று எந்தக் கருவி வைத்திருப்பவருக்கும் இதைச் சொல்வேன்.

ஐயா கற்றுக்கொடுக்கும் நேரத்துக்குத் தனிச் சம்பளம் போட வேண்டும். இன்று வரை அது மிஷின் ஓட்டும் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அது நியாயமில்லை என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், இந்த ஆண்டு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் எழுத்தைத் தொடும் மூவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனையும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். தீ, திருட்டுக் காப்பீடு இன்னும் எடுக்கவில்லை. காகிதக் கட்டுகள் நிறைந்த கூடத்தில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

பில் புக் வேலை இப்படியே இருக்காது. ஆண்டு வரவு ரூ.5 கோடியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். சிறு கடைகளும் போனிலேயே பில் போடத் தொடங்கிவிட்டன. கடந்த ஓராண்டில் எண் அடிக்கும் வேலை குறைந்து, இனிப்புப் பெட்டி, கைவினைப் பொருள் பெட்டிகளுக்கு வடிவம் வெட்டும் வேலை கூடியிருக்கிறது. அதற்கான வெட்டு அச்சுகளைச் செய்து தருபவர்களோடு இப்போதே பேசிவைக்க வேண்டும்.

எழுத்துகளும் தேய்கின்றன. புதிதாகத் தமிழ் எழுத்து வார்த்துத் தர ஆள் கிடைப்பது அரிது. ‘க’வும் ‘ம்’மும் முனை மழுங்கத் தொடங்கிவிட்டன. பெயர் அடிக்கும் பயிலரங்குகளுக்கு மர எழுத்தும் பாலிமர் தகடும் போதும். பழைய ‘ணை’, ‘லை’ இருக்கும் இரண்டு கேஸ்களைப் பூட்டி வைத்து, கல்யாண வரிகளுக்கு மட்டும் திறப்பது என்று வரும் தை முதல் நடைமுறைப்படுத்த இருக்கிறார்கள். சாவி பழகுநரிடம் இருக்கும்.